6,850 ரூபா போய்விட்டது: செயின் ரிவெட் டூல் ஒன்லைனில் எடுக்கிறவர்கள் கவனம்

நேற்றுக் காலை நடந்தது. ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் இவர்களிடம் மாட்டக்கூடாது.

விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்குத் தினமும் போய் வருகிறவன் நான். 125 சிசி பைக். பழைய செயின் இழுபட்டுப் போனதால் புதுச் செயின் வாங்கி வைத்திருந்தேன், 428 என்ற அளவு. அதை நானே மாட்டலாம் என்று, போனில் விளம்பரம் போட்டுக் கூரியரில் சாமான் அனுப்பும் ஒரு பக்கத்தில் டூல் செட் பார்த்தேன். செயின் கழற்றவும் ரிவெட் அடிக்கவும் ஒரே டூல், கூடவே ஒரு ரிவெட் லொக், அதாவது செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற, இரண்டு ஆணியும் ஒரு தகடும் உள்ள துண்டு. 6,850 ரூபா.

428க்குச் சரிவருமா என்று வொய்ஸ் போட்டுக் கேட்டேன். உடனே பதில் வந்தது: "அண்ணை, நானும் கிளிநொச்சிதான். எங்கட சனத்தை ஏமாத்துவனே? என்ர பைக்குக்கும் இதாலதான் அடிச்சனான். நம்பி எடுங்கோ." அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். வேறு ஊர்க் குரலாக இருந்திருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். எங்கள் பேச்சைக் கேட்டதும் அளவு கேட்கவில்லை, பில் கேட்கவில்லை. கூரியர் தம்பி காசு வாங்கிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க விட்டார்.

ரிவெட் லொக்கின் ஆணி நுனியில் சின்னக் குழி இருக்கும். டூலின் முனை அந்தக் குழிக்குள் அமர்ந்து அழுத்த, நுனி வெளிப்பக்கம் விரிந்து தகட்டைக் கழராமல் பிடிக்க வேண்டும். நான் மூன்று திருகு திருகியதும் மழுங்கியது டூலின் முனைதான். பதம் ஏற்றாத பச்சை இரும்பு. இரவே படம் எடுத்து அனுப்பினேன். "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கோ அண்ணை, விரியும்" என்றார். இறுக்கினேன். ஒரு ஆணி சற்று விரிந்தது, மற்றது விரிந்த மாதிரி தெரிந்தது.

காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன், தருமபுரம் தாண்டும்போது 'சடார்' என்று ஒரு சத்தம். தகடு கழன்று செயின் ரோட்டில் கிடந்தது. மெதுவாகப் போனதால் தப்பினோம். அந்தச் செயின் பின்சில்லில் சிக்கி இறுகியிருந்தால்? பின்னால் லொறி வந்திருந்தால்? பிள்ளை என் சேர்ட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

போன் எடுத்தால் எடுக்கவில்லை. மத்தியானம் "ஸ்டாஃப் லீவு" என்று மெசேஜ். பின்னேரம் "பார்சல் பிரிக்கேக்க வீடியோ எடுத்தனீங்களோ?" இரவு "நீங்கள் பிழையாய் அடிச்சிருக்கிறியள்." இறுக்கச் சொன்னதே அவர்தானே! இன்று காலை நம்பர் ப்ளொக். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற போன் நம்பரில் முறையிடலாம், முறையிடத்தான் போகிறேன். ஆனால் 6,850 ரூபாவுக்கு என் கையில் பில் என்று ஒரு துண்டும் இல்லை.

கடைசியில் பைக்கை உருட்டிக்கொண்டு போன கராஜில் ஒரு ஐயா, சில நூறு ரூபாவுக்குக் கிளிப் லொக் போட்டுத் தந்தார்; ரிவெட் அடிக்காமல், ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்த சின்னக் கிளிப்பால் பூட்டுவது. "சின்ன பைக்குக்கு இது காணும் தம்பி" என்றார். ஆணியில் கிளிப் உட்காரும் வெட்டு முழுதாகத் தெரியும்வரை தகட்டை அழுத்தினார். பிறகு சாதாரணக் குறட்டின் ஒரு வாயைக் கிளிப்பின் மூடிய தலையிலும் மறு வாயைப் பின்பக்க ஆணியிலும் வைத்து நெரித்தார். 'டிக்' என்று ஏறியது.

சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், மாறிப் போட்டால் தட்டுப்பட்டுக் கழரும். கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். ரிவெட் என்றால் இரண்டு ஆணியும் ஒரே அளவு விரிந்ததா என்று வெர்னியரால் (நுணுக்கமாக அளக்கும் கருவி) அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். பிரித்துப் பார்க்க விடாத பார்சலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அதே டூல், அதே 6,850 ரூபா விளம்பரம் இன்று காலையும் ஓடுகிறது.