தொடக்க எடை: பாதுகாப்பா, துணிவா?

2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவின் 55 கிலோ ஆண்கள் பளுதூக்கல் என்றதும், கொழும்பில் நமக்கு இசுரு குமாரவின் வெண்கலமே முதலில் நினைவுக்கு வரும். ஆனால், நம் பயிற்றுவிப்பாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது அவருக்கு மேலே நின்ற இருவரின் மோதலை.

தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னெச்சில் இந்தியாவின் சங்கேத் சர்கர் 113 கிலோவும் மலேசியாவின் அனிக் காஸ்தான் 107 கிலோவும் தூக்கினர். முதலில் தோள்வரையும் பின் தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் என்ட் ஜேர்க்கில் 135 கிலோவை நிறைவேற்றிய சங்கேத்துக்கு, 139 கிலோவை முயன்றபோது முழங்கையில் காயம் ஏற்பட்டது. அனிக் 142 கிலோவைத் தூக்கி, இரு பிரிவுகளின் கூட்டுத்தொகையில் 249-248 எனத் தங்கத்தைப் பறித்தார். ஒரே கிலோ முடிவை மாற்றும் இடத்தில், தொடக்க எடையின் தேர்வும் முக்கியமாகிறது.

முதல் முயற்சியைக் குறைந்த எடையில் தொடங்குபவருக்கு, கூட்டுத்தொகையில் சேர ஓர் எடை கிடைப்பது ஏறத்தாழ உறுதியாகிறது. ஆனால், மூன்றே முயற்சிகளில் உச்சத்தை எட்ட அவர் பெரிய தாவல்களை எடுக்க நேரிடும். குறைந்த எடையே முதலில் தூக்கப்படும். எனவே கனமாகத் தொடங்குபவர் பின்னால் வருவதால், வெல்லத் தேவையான எடையை அறிந்தே மேடையேறுகிறார். தவறினாலோ எடையைக் குறைக்க விதி இடம் தராது, மூன்றும் தவறினால் கூட்டுத்தொகையே இல்லை.

ஸ்னெச்சில் நிதானமே சிறந்தது என்பேன். ஜேர்க்கில் துணியலாம், ஆனால், அறிவித்த எடையைப் பயிற்றுவிப்பாளர் உயர்த்தும்போது, காத்திருக்கும் வீரரின் உடல் ஆறிவிடாதபடி வெப்பமூட்டும் அறையில் இன்னொரு தூக்கலைச் சேர்க்கவும் வேண்டும்.