இந்திய உறவினருக்கு வீசா எடுத்துத் தருகிறோம் என்னும் கடைகள்: 107,000 ரூபாவைப் பறிகொடுத்த பின் எழுதும் எச்சரிக்கை

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 107,000 ரூபா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் தாய்மாமன் குடும்பத்தார் நால்வருக்கு முப்பது நாள் சுற்றுலா வீசா எடுத்துத் தருவதாகச் சொல்லி, மலையக நகரமொன்றில் இயங்கும் கடையொன்று என்னிடம் ரொக்கமாக வாங்கிய தொகை இது. வீசா எடுக்கப்படவில்லை. பணமும் திரும்பவில்லை. இனித் திரும்பும் என்ற நம்பிக்கையும் இன்று காலை அந்தக் கடைக்காரர் பேசிய பேச்சோடு போய்விட்டது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு நிலுவையில் இருக்கும்போது பெயரைப் போட்டால், அவதூறு என்று அவர் என்மீதே வழக்குத் தொடுக்கக்கூடும் எனத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் எச்சரித்திருக்கிறார். ஆனால் எத்தகைய கடை என்பதைச் சொல்வதற்குத் தடையில்லை. முன்பக்கம் போட்டோப் பிரதியும் ரீலோடும், உள்ளே விமானச் சீட்டும் கடவுச்சீட்டு விண்ணப்பமும், சுவர் முழுக்க மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு அறிவித்தல்களும் நிறைந்த ‘கொமியுனிகேஷன்’ ஒன்று. நம் பக்கத்து நகரங்களில் இப்படிப்பட்ட கடைகள் இல்லாத தெருவே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை நேர்மையாகவே நடக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நேர்மையின் நிழலில்தான் இந்த மனிதர் தொழில் செய்கிறார்.

மாமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான நம் மலையகத் தமிழர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தபோது, ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்த என் அம்மா இந்தப் பக்கமும் மாமா அந்தப் பக்கமுமாக ஆனார்கள். மாமா 1970களில் கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்து, பின்னர் கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். என் தங்கையின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வராமல் முடியாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், அவரும் அத்தையும் அவர்களுடைய மகளும் ஒன்பது வயதுப் பேரனும் வருவதென்று முடிவாயிற்று. தான் பிறந்த லயத்துக்கு வருவதற்கு ஒரு மனிதன் வீசா எடுக்க வேண்டியிருக்கிறது என்பது தனிக் கதை. அதைப் பேசப் புகுந்தால் என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

அந்தக் கடைக்கு நான் அம்மாவையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் பணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. அம்மாவை உட்காரவைத்து, பையனை அனுப்பிப் பிளேன்டீ வரவழைத்து, எந்தத் தோட்டம் என்று கேட்டார்; தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், “மேக்கணக்கா, கீழ்க்கணக்கா?” என்று கேட்டார். தோட்டத்தின் மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்ற, வெளியாள் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர், “ஒங்க அண்ணன் போன காலத்துலதாம்மா எங்க பெரியப்பாவும் கப்பலேறினாரு. நம்ம சனத்துக்கு நாம செய்யாம வேற யாரு டீச்சர் செய்வாங்க?” என்று என் பக்கம் திரும்பினார். அந்த ஒரு வாக்கியத்தோடு அம்மா அவரைத் தம்பி என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பின்னர் விலை கேட்பதே மரியாதைக் குறைவு என்பது போன்ற ஒரு சூழ்நிலையை அவர் உருவாக்கிவிட்டார். பலமுறை செய்து பழகிய கை என்பது இப்போது விளங்குகிறது. பெரியப்பா என்று ஒருவர் இருந்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

அடுத்து அவர் சொன்ன பொய்க்கு உண்மைச் செய்திகளே உரமாக இருந்தன. 2023 நவம்பர் இறுதியில் இந்தியா உட்பட ஏழு நாட்டவருக்குக் குறித்த காலத்துக்குக் கட்டணமில்லா வீசா நடைமுறைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் வீசா வழங்கும் முறை வெளிநாட்டு நிறுவனங்களின் கைக்கு மாறி, கட்டணம் ஏறிப் பெரும் சர்ச்சையானது. அதே ஆண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த முறையை இடைநிறுத்தி உத்தரவிட, செப்டெம்பர் இறுதியில் ஈ.டி.ஏ. எனப்படும் பழைய மின்னணுப் பயண அனுமதி முறை மீண்டும் வந்தது. இந்த மூன்றையும் பத்திரிகையில் அரைகுறையாகப் படித்திருக்கும் எவருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். அவர் அந்தக் குழப்பத்தையே கையில் எடுத்து, “இப்ப எல்லாம் மாறிப்போச்சு டீச்சர், இந்தியாக்காரங்களுக்கு நேரா விண்ணப்பிச்சா கிடைக்காது, பத்தரமுல்லையில நம்ம ஆள் மூலமாத்தான் போடணும்” என்றார். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருப்பது உண்மை என்பதால், அந்த ‘நம்ம ஆள்’ இருப்பதும் உண்மை போலவே ஒலித்தது.

அப்போதைய உண்மை நிலை என்னவென்றால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் ஈ.டி.ஏ. முறையில் முன்கூட்டியே விண்ணப்பித்தால் சார்க் நாட்டவருக்குரிய 20 டொலர் கட்டணமே இருந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணமே இருக்கவில்லை. ஆக, என் மாமா குடும்பத்துக்கு மொத்தம் 60 டொலர். நம் காசில் பதினெட்டாயிரம் ரூபா அளவில் வரும். கடைக்காரர் ஆளுக்கு 26,750 வீதம், பிள்ளைக்கும் சேர்த்து, 107,000 ரூபா என்று தாளில் எழுதிக் காட்டினார். வீசாக் கட்டணம், கொழும்புச் செலவு, காப்புறுதி, அவசரச் சேவை எனப் பிரித்தும் எழுதினார். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், ஒரு தோட்டத் தொழிலாளி ஏறத்தாழ எண்பது நாள் கொழுந்தெடுத்தால் கிடைக்கும் தொகை அது. அம்மா சீட்டுப் பிடித்துக் கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்த பணத்திலிருந்து அதை எண்ணிக் கொடுத்தார்.

விண்ணப்பம் பெரிய காரியம் என்று நம்மை நம்பவைப்பதற்காக அவர் கேட்ட ஆவணங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், என் தேசிய அடையாள அட்டையின் பிரதி, அழைப்புக் கடிதம், கல்யாண அழைப்பிதழ், அதற்கும் மேலாக எங்கள் பெயரில் மின்சாரப் பட்டியல். லயத்தில் இருப்பவர்கள் பெயரில் மின்சாரப் பட்டியல் எங்கிருந்து வரும் என்று கேட்டதற்கு, தோட்டத்துரையிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார். பாடசாலைக்கு லீவு போட்டு, தோட்டக் காரியாலயத்தில் காத்துக் கிடந்து அதையும் வாங்கினேன். ஈ.டி.ஏ. விண்ணப்பத்துக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு விபரம், வரும் நாள், இலங்கையில் தங்கும் முகவரி என்பவற்றோடு ஒரு வங்கி அட்டை இருந்தால் கோத்தகிரியில் இருந்தபடியே மாமாவின் மகள் விண்ணப்பித்திருக்கலாம்.

பணத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டபோது, “நமக்குள்ள எதுக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு, பிறகு வேண்டாவெறுப்பாக ஒன்றைக் கிழித்துத் தந்தார். அதில் ‘ஆவண சேவை, 107,000’ என்று மட்டுமே இருக்கிறது. வீசா என்றோ, எத்தனை பேருக்கு என்றோ ஒரு எழுத்தும் இல்லை.

நாட்கள் இழுபட்டன. கேட்கும்போதெல்லாம் சிஸ்டம் வேலை செய்யவில்லை, போயா விடுமுறை, பத்தரமுல்லையில் ஆள் லீவு என்று காரணங்கள் வந்தன. பயணத்துக்கு முந்திய இரவு வட்ஸ்அப்பில் நான்கு தாள்கள் வந்தன. மேலே அரச இலச்சினை, கீழே ஒரு முத்திரை, நடுவில் பெயரும் அனுமதி இலக்கமும். அவற்றை அப்படியே மாமாவின் மகளுக்கு அனுப்பினேன். அவர்களும் அச்செடுத்துக்கொண்டு சென்னையில் விமானமேறினார்கள்.

கட்டுநாயக்கவில் குடிவரவு அதிகாரி மாமாவின் கடவுச்சீட்டை வைத்துத் தேடிவிட்டு, அப்படியொரு அனுமதியே பதிவில் இல்லை என்றார். தாள்களை வாங்கிப் பார்த்த அவர், பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாராம்: நான்கு தாளிலும் ஒரே அனுமதி இலக்கம். அத்தையின் தாளில் கடவுச்சீட்டு இலக்கத்தில் ஓர் எண் குறைவு. இந்தியக் கடவுச்சீட்டில் ஓர் எழுத்தும் ஏழு எண்களும் இருக்க வேண்டும், அதில் ஆறே எண்கள்தான் இருந்தன. முத்திரையின் வட்டத்துக்குள் எழுத்தே இல்லை, வெறும் கோடுகள். அந்த அதிகாரி நல்ல மனிதராக இருந்ததால், போலி ஆவணம் என்று பிடித்து வைக்காமல், வந்திறங்கியபின் வீசா பெறும் கருமபீடத்தைக் காட்டியிருக்கிறார். அங்கே ஆளுக்கு 25 டொலர், பேரனுக்கு இலவசம். இந்திய ரூபாவை மாற்றி 75 டொலர் கட்டிவிட்டு அவர்கள் வெளியே வந்தார்கள். நாங்கள் 107,000 ரூபா கொடுத்தும் வராத வீசா, 75 டொலருக்கு நின்ற நிலையில் கிடைத்தது. வாசலில் காத்திருந்த என்னைப் பார்த்ததும் மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. “ஏதோ கணக்குல பிழையாம்மா?” என்று அத்தை மட்டும் கேட்டார். என்னை நம்பி வந்தவர்களை, எழுபது வயதுக்கு மேற்பட்டவரை, திருடனைப் போல அந்த மேசைக்கு முன்னால் நிற்கவைத்தவர் அந்தக் கடைக்காரர். பணத்தைவிட இதற்குத்தான் நான் அவரை மன்னிக்கப் போவதில்லை.

மறுநாளே கடைக்குப் போனேன். “வந்து சேந்துட்டாங்கள்ல டீச்சர், அப்புறம் என்ன?” என்பதுதான் அவருடைய முதல் பதில். தாளைக் காட்டினால், விமான நிலையத்தில் அவர்கள் சரியாகக் காட்டத் தெரியாமல் குழப்பியிருப்பார்கள் என்றார். அனுமதி இலக்கத்தைக் காட்டினால், அது குடும்ப இலக்கம் என்றார். அடுத்த தடவை அவர் கடையிலேயே இல்லை. முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று போட்டோப் பிரதி எடுக்கும் தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், ஆனால் அவருடைய மோட்டார் சைக்கிள் படிக்குக் கீழேயே நின்றது. பத்தரமுல்லை ஆளின் எண் என்று ஒன்றைத் தந்தார்கள். அது பாவனையில் இல்லை. இன்று காலை அவராகவே அழைத்து, 10,000 ரூபா தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான் கையெழுத்திட வேண்டும் எனவும் சொன்னார். முடியாது என்றதும், “டீச்சர் வேலையில இருக்கிறவங்க, பாத்து நடந்துக்குங்க” என்று குரலை மாற்றினார். மேக்கணக்கா கீழ்க்கணக்கா என்று கேட்ட அதே குரல்.

பொலிஸாரோ பாம்பும் சாகாமல் கோலும் முறியாமல் பேசினார்கள். பற்றுச்சீட்டில் ஆவண சேவை என்றுதானே இருக்கிறது, சேவை செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள், மத்தியஸ்த சபைக்குப் போய்ப் பேசி முடித்துக்கொள்ளுங்களேன் என்றார்கள். அரச இலச்சினையோடு போலி அனுமதி தயாரிப்பது கொடுக்கல் வாங்கல் பிரச்சினையா என்று நான் கேட்டதற்கு, எழுதித் தாருங்கள் பார்ப்போம் என்ற பதில்தான் கிடைத்தது. எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விண்ணப்பிப்பது எப்படி என்று படிப்படியாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கான பொறுமை இப்போது இல்லை. இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரச இணையத்தளத்தின் முகவரி ‘ஈடிஏ புள்ளி ஜீஓவீ புள்ளி எல்கே’. தேடும்போது மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் அதைப் போலத் தோன்றும் இடைத்தரகர்களின் தளங்கள். முகவரி ஜீஓவீ புள்ளி எல்கே என்று முடியாவிட்டால் பணம் கட்டாதீர்கள். வருபவரின் கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பிப் போகும் விமானச் சீட்டு கையில் இருக்க வேண்டும். கட்டண விபரத்தை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் வாயிலிருந்து கேட்காதீர்கள். யாரிடமாவது கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அனுமதி வந்துவிட்டதா என்பதைக் கடவுச்சீட்டு இலக்கத்தைப் போட்டு அதே தளத்தில் நீங்களே சரிபாருங்கள். பற்றுச்சீட்டில் வீசா என்ற சொல்லும் ஆட்களின் பெயர்களும் இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

நால்வருக்கும் ஒரே இலக்கம் போட்ட தாளை மலையகத்தில் வேறு யாராவது பெற்றிருந்தால், வெட்கப்படாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இரண்டாவது முறைப்பாடு ஒன்று சேர்ந்தால், மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லி எங்களை அனுப்பிவிடப் பொலிஸாரால் முடியாது என்று சட்டத்தரணி சொல்கிறார். தாள்களின் பிரதி, பற்றுச்சீட்டு, அவர் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.