வீட்டில் இருக்கும் ஐம்பொன் சிலை எவ்வளவு பழையது: மெஷினை நம்பலாமா, கண்ணை நம்பலாமா, போட்டோவை நம்பலாமா

எங்கள் பெரியப்பா வீட்டுப் பூசை அறையில் ஒரு ஜாண் உயரத்தில் ஓர் அம்மன் சிலை இருக்கிறது. சோழர் காலத்தது என்று தாத்தா சொன்னார், பெரியப்பா சொல்கிறார், இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான் இறங்கினேன். அப்போது தேடியும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை, எந்த வழி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகளைப் பற்றி மட்டும்தான். சீனத்து வெண்கலத்துக்கும் ரோமானிய நாணயத்துக்கும் கணக்கு வேறு.

முதலில் ஒரு விஷயம். செம்பையோ வெண்கலத்தையோ வைத்தால் இத்தனை வருஷம் என்று சொல்லும் மெஷின் கிடையாது. கார்பன் டேட்டிங் மரம், எலும்பு, கரி போன்றவற்றுக்கு ஆனது. செம்பில் அளப்பதற்குக் கார்பன் ஏது? இன்னொன்று தெர்மோலூமினசன்ஸ், அதாவது சுட்ட மண்ணைத் திரும்பச் சூடாக்கி, அதிலிருந்து வரும் ஒளியை அளந்து கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கணக்கிடும் முறை. உள்ளே களிமண் கருவை வைத்து வார்த்த சிலைக்கு இது நல்ல முறைதான், அந்தக் கருவிலிருந்து ஒரு துளி சுரண்டினால் போதும். ஆனால் நம் ஊர்த் திருமேனிகள் பெரும்பாலும் கன வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள், உள்ளே மண்ணே இல்லை. ஆகவே கன வார்ப்புச் சிலைக்கு தெர்மோலூமினசன்ஸ் சான்றிதழ் காட்டினால், எந்த மண்ணை எடுத்துச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

சரி, எல்லோரும் முதலில் போவது எக்ஸ்ஆர்எஃப் சோதனைக்கு. நகைக்கடையில் 'கேரட் மீட்டர்' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதுவும் இந்த முறைதான். எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் காட்டிவிடும், சிலையைச் சுரண்டவும் வேண்டாம். நானும் அதைத்தான் செய்தேன், தெரிந்த நகைக்கடைக்காரர் காசு வாங்காமல் வைத்துப் பார்த்தார். துத்தநாகம் பன்னிரண்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டியது. அந்தப் பெட்டி தங்கத்துக்காக அமைத்தது, செம்புக் கலவைக்கு அதன் எண்ணைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் துத்தநாகம் நிறைய இருக்கிறது என்பது பெரிய தகவல். ஆய்வு செய்யப்பட்ட சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த வெண்கலம். இன்றைக்குச் சுவாமிமலையில் வார்ப்பவர்கள் செம்போடு பித்தளையையும் கொஞ்சம் ஈயத்தையும் சேர்க்கிறார்கள், பித்தளை என்றாலே துத்தநாகம் வந்துவிடும். (ஐம்பொன் என்று சொன்னாலும், பழைய திருமேனிகளைச் சோதித்தபோது தங்கமும் வெள்ளியும் மிகச் சொற்பமாகத்தான் தென்பட்டிருக்கின்றன. தங்கம் இருந்தால்தான் பழசு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.)

இந்தச் சோதனையின் குறை என்னவென்றால், 'இது இல்லை' என்று சொல்லத்தான் நன்றாக உதவும், 'இதுதான்' என்று சொல்ல உதவாது. துத்தநாகம் எக்கச்சக்கமாக இருந்தால் சோழர் காலம் என்பதில் பலமான சந்தேகம் வந்துவிடும். ஆனால் வெள்ளீயமும் காரீயமும் சரியான அளவில் இருந்தால்? போலி செய்கிறவனுக்கு அந்தக் கணக்குத் தெரியாதா என்ன, பழைய உடைந்த விளக்கையும் மணியையும் உருக்கி ஊற்றினால் கலவை பழையதாகவே இருக்கும். அதோடு கதிர் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், களிம்பு படிந்த இடத்தில் வைத்தால் வெள்ளீயத்தை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்பு உண்டு. எனக்கு இதில் ஓர் அனுபவம் இருக்கிறது. ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் விசாரித்தபோது, இதே எக்ஸ்ஆர்எஃப் பார்த்துவிட்டு நூற்றாண்டு போட்டு சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். சிலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே! எவ்வளவு குடும்பங்கள் அந்தக் காகிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதைவிட ஆழமான முறை காரீயத்தின் ஐசோடோப் விகிதம் (ஒரே உலோகத்தில் எடை வேறுபடும் அணு வகைகளின் விகிதம்) பார்ப்பது. ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துக்கும் ஒரு கைரேகை போல விகிதம் இருக்கிறது. பழைய உலோகங்களை ஆராயும் சாரதா சீனிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் திருமேனிகளின் உலோகத்தை ஆராய்ந்து, எந்தக் காலத்துச் சிலைகள் எப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிரிகின்றன என்று பார்த்தார், சோழர் காலம் என்று நினைத்திருந்த சில நடராசர்களைப் பல்லவர் காலத்துக்கே கொண்டுபோக அந்த ஆய்வு இடம் கொடுத்தது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தினரும் சென்னை அரசு அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, திருமேனிகளைச் சேதமில்லாமல் அடையாளப்படுத்தும் வேலையைச் செய்தார்கள். இதெல்லாம் அருமையான வேலை, ஆனால் உங்களுக்கும் எனக்கும் கைக்கு எட்டுவதில்லை. ஐசோடோப்புக்குச் சிலையிலிருந்து கொஞ்சமாவது உலோகம் எடுக்க வேண்டும், பூசையில் இருக்கும் அம்மனைத் துளையிடப் பெரியப்பா சம்மதிப்பாரா? நானே சம்மதிக்க மாட்டேன்.

களிம்பு விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான வருஷம் கிடந்த செம்பில் உலோகத்தை ஒட்டிச் சிவப்பாக ஓர் அடுக்கும், அதற்கு மேல் பச்சையும் வளரும், அது உலோகத்துக்கு உள்ளேயே வேர்விட்டு இறங்கியிருக்கும். நுண்ணோக்கியில் அதைப் பார்த்துவிட்டால் அது மிகப் பலமான சாட்சி, அவசரமாகச் செய்ய முடியாத ஒன்று. அமிலமும் உப்பும் போட்டு வரவழைத்த பச்சை மேலோடு நிற்கும், பசையில் குழைத்து ஒட்டியதாக இருந்தால் அசிட்டோன் பஞ்சிலேயே கையோடு வந்துவிடும். ஆனால் பச்சை இல்லையே, அப்படியானால் புதுசு என்று முடிவு கட்டாதீர்கள். வழிபாட்டில் இருந்த திருமேனிக்குக் களிம்பு எங்கிருந்து வரும்? தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க்காப்பு, பால், சந்தனம், அப்புறம் புளி போட்டுத் தேய்ப்பது. மூக்கும் கண்ணும் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது கண். நல்ல ஸ்தபதியோ, ஆயிரம் சிலை பார்த்த கலை வரலாற்று ஆளோ, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பார்ப்பார்கள். பின்னல், தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரம், பூணூல் மடிப்பு, பீடத்தில் உற்சவத்துக்குக் கழி செருக விட்ட துளை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். நுணுக்கம் மெழுகிலேயே வந்ததா, வார்த்த பிறகு உளியால் வெட்டியதா என்பது அவர்களுக்குத் தெரியும். மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் அச்சு அசலாக இன்னொன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். எங்கள் அம்மனை ஒரு ஸ்தபதி பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுப் பூசைக்குன்னே செஞ்சதுங்க, நூறு நூத்தம்பது வருஷம் இருக்கும்" என்றார். கேரட் மீட்டர் எண்ணை நான் அதற்கு அப்புறம்தான் சொன்னேன், அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கண்ணும் ஏமாறும், அதையும் சொல்ல வேண்டும். சிவபுரம் நடராசரை 1954இல் பழுதுபார்க்கக் கும்பகோணம் பக்கம் அனுப்பினார்கள், திரும்பி வந்தது நகல். கோயிலில் அதைத்தான் வணங்கினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் அதை எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, அசல் அமெரிக்காவின் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து 1986இல் தான் திரும்பியது. கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்த பத்தூர் நடராசரின் வழக்கில் ஒரே ஒரு சாட்சியை மட்டும் நம்பி நிற்கவில்லை. லண்டன் நீதிமன்றத்தில் தொல்லியல் அறிஞர் டாக்டர் நாகசாமி சிற்ப அமைதியைப் பற்றிச் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் தடம், உலோகம் என்று அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடும் ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒரே பக்கம் காட்டியது, 1991இல் நடராசர் ஊர் திரும்பினார்.

இவை எல்லாவற்றையும்விட நான் முதலிடம் கொடுப்பது போட்டோவுக்கு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசிய காட்சிக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது, அதை விற்ற நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் தரப்பு காட்டிய பழைய உரிமைக் காகிதங்களும் கூடவே இருந்தன. அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கியது கோயிலில் எடுத்த பழைய படம்தான். 2014இல் சிலை இந்தியா வந்தது. உலோகச் சோதனை ஒன்றைச் செய்திருந்தால் 'சோழர் காலத்துக்குப் பொருந்துகிறது' என்றுதான் சொல்லியிருக்கும், திருட்டு என்று சொல்லியிருக்காது. இதனால்தான் உங்கள் சிலை கோயில் உற்சவர் அளவில் இருந்தாலோ, பீடத்தில் கழித் துளையும் எழுத்தும் இருந்தாலோ, சோதனைக்கூடத்துக்கு முன்னால் இந்தப் படத் தொகுப்பைப் பாருங்கள் என்கிறேன். வீட்டுச் சிலைக்கு அதில் படம் இருக்காது. அதற்குத் தாத்தா காலத்துக் கல்யாண போட்டோவில் பின்னால் தெரியும் பூசை அறையும், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிய ஒரு வரியும்தான் சாட்சி.

சோழர் காலம் இல்லையென்று ஆனவுடன் எங்கள் வீட்டில் விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் ஆயிரம் வருஷம் கேட்கவில்லை, நூறு வருஷம் ஆன உலோகச் சிற்பம் என்றாலே வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. பெரியப்பாவுக்கு முதலில் பயம், பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று. பதிவு செய்தால் சிலை நம் வீட்டிலேயேதான் இருக்கும் என்று உட்கார்ந்து விளக்கிய பிறகு சம்மதித்தார். போன மாதம் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, முன், பின், இரண்டு பக்கம், பீடத்தின் அடி என்று ஐந்து படம் எடுத்தோம். பின்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, இத்தனை வருஷம் அலங்காரம் பண்ணியும் அம்மனுடைய பின்னலை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.