கீழவாசல் சந்தில் ஒரு தையல் பைண்டிங் கடை

ஜெராக்ஸ் கடையில் எதைக் கொடுத்தாலும் ஸ்பைரல் போட்டு நீட்டிவிடுகிற காலம் இது. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகைகூட இல்லாத கடையில் இன்னும் ஊசி நூல் கோத்துத் தைக்கிறார்கள். என் சட்ட இதழ்களை வருஷா வருஷம் அங்கேதான் கொடுப்பேன். இந்தத் தடவை கொடுத்தது கவிதை.

யோஹான் மாய்ர்ஹோஃபர் என்று ஒரு ஆஸ்திரியக் கவிஞர். 1787ல் பிறந்தவர். இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாட்டுகளைக் கேட்கிறவர்களுக்குத்தான் இவரைத் தெரியும்: இவர் கவிதைகளில் 40க்கு மேல் ஷூபர்ட் இசையமைத்திருக்கிறார். 1818லிருந்து 2 வருஷம் வியன்னாவில் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் ஆங்கிலம் என்று நானே அடித்து பிரின்ட் எடுத்தேன்.

இந்த மாதிரிப் புத்தகம் தட்டையாக விரியாவிட்டால் வீண். தனித்தனித் தாளாக இருந்தால் ஓரத்தில் துளை போட்டுத்தான் தைக்க முடியும், பாதி வரி உள்ளே போய்விடும். அதனால் புக்லெட்டாக பிரின்ட் எடுக்கச் சொல்லிவிட்டார் பைண்டர் அண்ணன். நாலு நாலு தாளாக மடித்து, மடிப்பிலேயே தைத்து, முதுகுக்கு காலிகோ துணி. மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கிறார், பூச்சி அண்டாது. மேஜையில் விரித்துவிட்டுக் கையை எடுத்தாலும் மூடிக்கொள்வதில்லை.

“வக்கீலா சார் இவரு?” என்றார் தைத்துக்கொண்டே.

“படிச்சது சட்டம். பார்த்தது புத்தகத் தணிக்கை வேலை.”

“அடுத்தவன் புத்தகத்தை நிறுத்திட்டு வீட்டுக்கு வந்து கவிதையா?”

அதுதான் அந்த மனுஷனின் கஷ்டமே. உள்ளுக்குள் சுதந்திரவாதி, வெளியே ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் அரசில் கறாரான தணிக்கையாளர். 1836ல் அலுவலக ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விட்டார். வயது 48. அவர் தணிக்கை பார்த்த அதே காலத்தில் நம் சரபோஜி மன்னர் ஐரோப்பியப் புத்தகங்களை வரவழைத்து சரஸ்வதி மகாலில் அடுக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் அண்ணனிடம் சொன்னேன். “நம்ம ஊருக்கு வந்திருக்கலாம் சார்” என்றார்.

சரி, குறை? கட்டிங் மெஷினில் ஓரத்தை ஒட்ட வெட்டியதில் சில பக்கங்களில் எண்ணே போய்விட்டது. கீழே தாராளமாக இடம் விட்டு பிரின்ட் எடுங்கள். சொன்ன தேதிக்கு வேலை முடியாது, போன் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அட்டையில் தங்க எழுத்து வேண்டாம் என்றுவிட்டேன், அதற்குத் தனிக் காசு. மொத்தம் 280 ரூபாய். ஜிபே கிடையாது, சில்லறையும் இருக்காது.