ஸ்பர்ஷ் பென்ஷன் சேவை: செட்டிநாட்டுப் பட்டாளத்து வீடுகளுக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

1965லும் 1971லும் சண்டைக்குப் போனவர்கள், 1987க்குப் பின் அமைதிப் படையில் இலங்கைக்குப் போய் வந்தவர்கள் எனப் புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பட்டாளத்து வீடுகள் நிறைய. முன்பெல்லாம் பேங்க் மேனேஜரைப் பார்த்தால் பென்ஷன் பேச்சு முடிந்துவிடும். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளத்தில்; கணக்குப் பார்க்கும் அலுவலகம் பிரயாக்ராஜில். வீட்டில் இருப்பது ஒரு பிபிஓ (பென்ஷன் உத்தரவு) எண்ணும் பாஸ்வேர்டும்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பாஸ்புக்கில் ஒற்றைத் தொகைதான் தெரியும்; ஸ்பர்ஷ் பென்ஷன் சிலிப்பில் அடிப்படை, அகவிலைப்படி, கம்யூட்டேஷன் பிடித்தம் (பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக முன்பே வாங்கியதற்கான கழிவு), ஊனமுற்றோர் பங்கு எல்லாம் தனித்தனி வரி. கணக்குப் பேரேடு பார்த்துப் பழகிய ஊருக்கு இது பெரிய வசதி. கம்யூட்டேஷன் பிடித்தம் 15 ஆண்டில் நின்றிருக்க வேண்டும். ஒரே பதவி, ஒரே சேவைக்காலம் என்றால் ஒரே பென்ஷன் என்ற திட்டத்தில் தொகை 2014, 2019, 2024 ஜூலை 1 தேதிகளில் நிர்ணயமானது. தொகை அந்தந்தத் தேதிக்கு ஏறியதா என்று வரிவரியாகச் சரிபார்க்கலாம்.

ஆயுள் சான்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் என்ற ஆயுள் சான்று செயலியில் பென்ஷன் வழங்கும் இடம் என்ற கட்டத்தில் பழைய ஞாபகத்தில் பேங்கைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்பர்ஷ். மாற்றிப் போட்டாலும் பிரமாண் எண் வந்துவிடும், ஆனால் சான்று போகவேண்டிய இடத்துக்குப் போகாது, பென்ஷன் நின்ற பிறகுதான் தெரியும். எண் வந்ததோடு விடாமல், சான்று ஏற்கப்பட்டதா என்று சில நாள் கழித்துப் பாருங்கள். டிஎஸ்சியில் (ராணுவ இடங்களுக்குக் காவல் நிற்கும் படையில்) இரண்டாம் தடவை வேலை பார்த்து இரண்டு பிபிஓ வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. முகப்பதிவே மேல். அதற்கு ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் போனில் இருக்க வேண்டும். பழைய வீடுகளின் உள்ளறைகளில் இருட்டு. வளவுக்கு வந்து, முற்றத்து வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கருத்துப்போகும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொல்லும்போது கண்ணை இமைத்தால் போதும். நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாயில் முடித்துக் கொடுப்பார்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை மென்பொருளில் இல்லை, பெயரில் இருக்கிறது. நம் பக்கம் இனிஷியலே 'பழ', 'லெ', 'முரு' என்று நீளும். பட்டாளத்துக் கிளார்க் அதை அப்பா பெயராக விரித்து எழுதியிருப்பார், அல்லது அடியோடு விட்டிருப்பார். கருப்பையாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டிருப்பார், ஆதாரில் இரண்டு இருக்கும். இது வெறும் எழுத்துப்பிழை என்றால் ஆதாரைத் திருத்துவது சுலபம். பதிவேட்டிலேயே தவறு என்றால் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், எம்இஜிக்கு (மெட்ராஸ் பொறியாளர் படை) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்இக்கு (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், டிஎஸ்சிக்கு கண்ணூர். டிஸ்சார்ஜ் புத்தக நகல், ஆதார், பான், பிபிஓ நகல் நான்கும் சேர்த்து, ஸ்பீட் போஸ்டில்.

அதைவிட முக்கியம் மனைவியின் விவரம். பழைய ஆவணங்களில் பெயர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. வயதை மட்டும் சொல்லி ஆதார் எடுத்தவர்களுக்கு அதில் ஆண்டு மட்டும் இருக்கும், இல்லையென்றால் ஜனவரி 1. குடும்ப பென்ஷனிலும் 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40 என்று கூடுகிறது. அது கணக்காவது அந்த அம்மாவின் பிறந்த தேதியை வைத்துத்தான். குறைந்தபட்சமான 9,000 வாங்குபவருக்குக்கூட 80இல் மாதம் 1,800, அதன்மேல் அகவிலைப்படி. தேதி இல்லாவிட்டால் இது தானாக வராது. 1965இல் சண்டைக்குப் போனவர்களின் வீட்டம்மாக்கள் இப்போது அந்த வயதை எட்டுகிறார்கள். இந்தத் திருத்தத்தைப் பென்ஷன் வாங்கும் கணவர் இருக்கும்போதே, அவர் கையெழுத்தில் செய்தால் ஒரு விண்ணப்பத்தோடு போகும். அவர் போன பிறகு என்றால் திருமணச் சான்று, வாரிசுச் சான்று என்று தாலுகா ஆபீஸுக்கு நடை.

இறப்பை உடனே தெரிவியுங்கள். பிறகு ஏறிய பென்ஷனைத் திரும்பப் பிடிப்பார்கள், குடும்ப பென்ஷன் தொடங்குவதும் தள்ளிப்போகும். கணவன் மனைவி கூட்டுக் கணக்காக இருந்தால் புதுக் கணக்கு தேடவேண்டியதில்லை.

தமிழில் வழிகாட்டல் போதாது. ஓடிபி வரும் போன் பேரன் கையில் வெளியூரில் இருப்பது இன்னொரு தொல்லை. எண்ணை வீட்டில் இருக்கும் போனுக்கு மாற்றிவிடுங்கள். மொத்தத்தில் ஸ்பர்ஷுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம்.

உதவிக்குப் போகுமுன் மாவட்டத்தைப் பாருங்கள். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அரிமளம், ராயவரம், பொன்னமராவதிக்கு புதுக்கோட்டை.