தேன்பெட்டி மூடிக்குத் தகரம் மடக்க எது தோது?

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கத் தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வெறும் பலகை மூடி நம்மூர் மழைக்கு நிற்காது. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. மேலே தகரம் போட்டு நாலு பக்கமும் மடக்கினால் கவலையில்லை. பட்டறையில் மடக்கும் மெஷின் உண்டு. ஐந்து மூடிக்காக யார் அலைவது? அரை மில்லிமீட்டர் ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, வீட்டிலேயே மூன்று விதமாக மடக்கிப் பார்த்தேன்.

மேசை விளிம்பில் வைத்து இரும்புச் சுத்தியலால் அடிப்பதற்குச் செலவே இல்லை. பலனும் அப்படித்தான். அடி விழுந்த இடத்தில் தகடு நசுங்கி நீளும், நீண்ட இடம் நெளியும். என் முதல் மூடி பொரித்த அப்பளம் மாதிரி வந்தது.

மடக்க வேண்டிய கோட்டைக் கூரான கம்பியால் ஆழமாகக் கீறிவிட்டுக் கையால் மடக்குவது அடுத்தது. கோடு நூல் பிடித்தாற்போல் வரும், பார்க்க இதுதான் அழகு. ஆனால் கீறிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் போகும், கனமும் குறையும். குளச்சல் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு வேண்டுமானால் சரி.

எனக்குப் பிடித்தது இரண்டு ஆங்கிள் (எல் வடிவ இரும்புச் சட்டம்) துண்டுகளுக்கு நடுவே தகட்டை வைத்து, இரு முனையிலும் சி கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) போட்டு இறுக்கி மடக்குவது. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை ஒரு கட்டையால் முழு நீளத்துக்கும் தள்ளி, அப்புறம் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்ட வேண்டும். ஒரே இடத்தில் முழுக்க மடக்காமல், முனைக்கு முனை போய்வந்து கொஞ்சம் கொஞ்சமாக. கிளாம்பைக் கழற்றியதும் மடிப்பு சற்று விரியும். மூடிக்கு அது குற்றமில்லை, ஆணி அடித்தால் நின்றுவிடும்.

இதிலும் ஒரு வில்லங்கம். எதிரெதிர் இரண்டு பக்கம் மடக்கியபின், மூன்றாவது பக்கத்துக்கு ஆங்கிள் உள்ளே நுழையாது. அளவுக்கு அறுக்கலாம்தான். நான் மூடிப் பலகையையே அச்சாக்கிவிட்டேன். தகட்டை அதன்மேல் கவிழ்த்து, மேலே இன்னொரு பலகை வைத்துக் கிளாம்ப் போட்டு, மீதி இரண்டு பக்கத்தையும் கட்டை வைத்துத் தட்டினேன். மூலையை வெட்டவில்லை; காகிதப் பொட்டலம் மடிப்பதுபோல் பக்கவாட்டில் மடித்துவிட்டேன். வெட்டியிருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.