உயிருள்ள பட்டியலா, நகலா? பால் கணக்குச் செயலிக்கு ரியல்ம், ரூம், கோர் டேட்டா

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு பால் சேகரிப்பு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். பண்ணையாளர் 180 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பதிவு: எத்தனை லீற்றர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திண்மம் எவ்வளவு. கொப்பியில் எழுதுவதைப் போனில் எழுத வேண்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் எழுத வேண்டும், சிக்னல் வந்ததும் சேர்வருக்கு அனுப்ப வேண்டும். வருடத்துக்கு 65,700 பதிவுகள். தரவுத்தளத்துக்கு இது பெரிய எண்ணிக்கையே அல்ல. ஆனால் அந்தப் பதிவுகளைப் பட்டியலாக எடுத்துத் திரையில் காட்டி, அதன்மேல் ஒரு லூப் (பதிவுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் நிரல்) ஓடவிடும்போதுதான் மூன்று தரவுத்தளங்களின் குணமும் தெரியவரும்: அன்ட்ரொய்ட், ஐபோன் இரண்டிலும் ஓடும் ரியல்ம், அன்ட்ரொய்டில் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் மேல் அமரும் ரூம், ஆப்பிளின் கோர் டேட்டா.

வேறுபாட்டின் வேர் ஒன்றுதான். ரியல்மில் தேடினால் கிடைக்கும் ‘ரிசல்ட்ஸ்’ உயிருள்ளது. உள்ளே தரவு மாறினால் கையில் இருக்கும் பட்டியலும் மாறிவிடும். அதற்குள் பொருட்கள் ஏற்றிவைக்கப்பட்டிருப்பதும் இல்லை. ஒரு வரியைத் தொடும்போதுதான் அந்த வரியின் மதிப்பு கோப்பிலிருந்து வாசிக்கப்படும். ரூம் தருவது நகல். எஸ்கியூலைட்டில் வினவல் (தேடும் கட்டளை) ஓடி முடிந்த கணத்தில் எடுத்த படம் அது. பிறகு அட்டவணையில் என்ன நடந்தாலும் அந்த லிஸ்டுக்குத் தெரியாது. கோர் டேட்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பட்டியல் நகல், பொருள் உயிருள்ளது.

அனுப்பாத பதிவுகளை அனுப்பும் வேலையை எடுத்துக்கொள்வோம். ‘அனுப்பியாச்சு’ என்ற புலம் பொய்யாக உள்ள எட்டுப் பதிவுகளை ரியல்ம் ஜாவாவில் தேடி எடுத்து, சுட்டெண் (0, 1, 2 என்று தொடங்கும் இட எண்) வைத்த சாதாரண ஃபோர் லூப்பில் ஒவ்வொன்றையும் மெய்யாக்குகிறோம். முதல் பதிவை மாற்றிய உடனே அது தேடலின் நிபந்தனைக்குள் இல்லை, பட்டியலை விட்டு விழுந்துவிடும். மீதி ஏழும் ஒரு படி மேலே ஏறும். சுட்டெண் 1 இப்போது காட்டுவது ஆரம்பத்தில் மூன்றாவதாக இருந்த பதிவை. இப்படியே 1, 3, 5, 7ஆம் பதிவுகள் மாறும். 2, 4, 6, 8 அப்படியே கிடக்கும். லூப் தன் பாட்டில் முடிந்துவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. நீளத்தை ஆரம்பத்திலேயே ஒருமுறை வாங்கிவைக்கும் கோட்லின் பாணி லூப்பாக இருந்தால் எல்லை மீறிய பிழை எழும், பரிவர்த்தனை (ஒன்றாக எழுதப்படும் மாற்றங்களின் தொகுதி) முழுவதும் பின்வாங்கும். உண்மையில் அதுவே நல்லது, பிழை அன்றைக்கே கண்ணில் படும்.

திருத்தம் லேசானது. சுட்டெண்ணை விட்டு ஃபோர்-ஈச் பாவித்தால் இட்டரேட்டர் (வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத்தருவது) தொடக்க நேரத்துப் பட்டியலைப் பிடித்துக்கொண்டே ஓடும். சுட்டெண் கட்டாயம் வேண்டுமென்றால் ‘கிரியேட்ஸ்னாப்ஷாட்’டால் அசையாத படம் ஒன்றை எடுத்து அதன்மேல் ஓடலாம். பின்னிருந்து முன்னாக ஓடுவதும் ஒரு பழைய வழி.

ரூமில் இந்தக் கூத்து நடக்காது, நகல் அசையாதே. அங்கே நடப்பது இதற்கு நேரெதிர். எட்டுப் பதிவுகளை எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது ஒன்பதாவது பண்ணையாளர் பால் ஊற்றுகிறார், பதிவு விழுகிறது. சேர்வர் சரி என்றதும், ‘அனுப்பாதவை எல்லாவற்றையும் அனுப்பியாச்சு என்று மாற்று’ என ஒற்றை அப்டேட் வரி எழுதினால், அனுப்பாத ஒன்பதாவதும் அனுப்பியதாகிவிடும். மாத முடிவில் ஒருவருக்கு மட்டும் ஒரு நாள் பால் காசு குறையும். எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே அனுப்பியவற்றின் ஐடிகளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஐடிகளை ‘இன்’ அடைப்புக்குள் கொடுக்கும்போது இன்னொரு சுவர் உண்டு: எஸ்கியூலைட் 3.32க்கு முந்திய பதிப்பில் ஒரு வினவலுக்கு 999 மாறிகள்தான் முன்னிருப்பு எல்லை, பழைய அன்ட்ரொய்ட் போன்களில் அந்தப் பதிப்புகளே இருக்கின்றன. 500 500ஆக வெட்டிக் கொடுத்தால் போதும்.

திரையில் காட்டும் வேலையில் ரியல்ம் சொகுசு. 65,700 பதிவுகளின் பட்டியலை அப்படியே அடாப்டரிடம் (வரிகளைத் திரைக்கு எடுத்துக்கொடுக்கும் பகுதி) கொடுக்கலாம்; கண்ணுக்குத் தெரியும் வரிகள் மட்டுமே வாசிக்கப்படும், பக்கம் பிரிக்கத் தேவையில்லை. எந்த வரி நீங்கியது, எது நுழைந்தது, எது மாறியது என்று மாற்ற அறிவிப்பே சொல்லிவிடும். ஜாவாவில் நீங்கிய வரிகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கி அடாப்டருக்குச் சொல்லவேண்டும்; முன்னிருந்து சொன்னால் சுட்டெண்கள் இடறும். ரிசல்ட்ஸ் பொருளை ஒரு கிளாஸ் புலத்தில் பிடித்துவைக்கவும் வேண்டும். உள்ளூர் மாறியில் விட்டால் குப்பை சேகரிப்பான் (பாவிக்காத பொருட்களை நினைவகத்திலிருந்து நீக்குவது) அதைத் தூக்கிவிடும், மாற்றத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் லிஸனரும் கூடவே போய்விடும். முதலில் வேலை செய்த திரை கொஞ்ச நேரத்தில் அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ரூமில் அதே 65,700ஐயும் லிஸ்டாகக் கேட்டால் அத்தனையும் பொருட்களாக நினைவகத்தில் வந்து இறங்கும். 2 ஜிபி ரம் உள்ள போன் திணறும். பேஜிங் நூலகத்துடன் ‘பேஜிங்சோர்ஸ்’ திருப்பிக் கொடுத்து, பக்கத்துக்கு 50 என்று வைக்க வேண்டும். ஃப்ளோவாக (தரவு மாறும்போதெல்லாம் புது விடை தரும் ஓடை) கேட்டால் மாற்றம் தானாக வரும்தான், ஆனால் ரூம் கவனிப்பது அட்டவணையை, வரியை அல்ல. யாரோ ஒருவரின் ஒரு பதிவு மாறினாலும் அந்த அட்டவணையைத் தொடும் ஃப்ளோ எல்லாம் மறுபடி ஓடும். ‘டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ச்ட்’ போட்டால் அதே விடை மறுபடி திரைக்குப் போகாது. வினவல் ஓடுவதை அது நிறுத்தாது.

பில் போடும் நாளில் தராசு மறுபக்கம் சாயும். பண்ணையாளர்வாரியாக மாத லீற்றர் கூட்ட வேண்டும். ரூமில் ‘குரூப் பை’ போட்ட ஒரு வரி, 180 விடைகள். பண்ணையாளர் ஐடி, திகதி இரண்டையும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) வைத்தால் விடை உடனே வரும். ரியல்மில் ‘குரூப் பை’ கிடையாது. கூட்டல், சராசரி உண்டு, ஆனால் ஒரு பண்ணையாளருக்கு ஒரு தேடல் என 180 முறை ஓடவேண்டும், அல்லது மாதப் பதிவுகள் முழுவதையும் நாமே லூப்பில் கூட்டவேண்டும். (எதில் எழுதினாலும் லீற்றரை மில்லிலீற்றராகவும் ரூபாயைச் சதமாகவும் முழு எண்ணில் வைக்கவும். டபுளில் (தசம எண் வகை) கூட்டிவிட்டு ஒரு சதம் எங்கே போனது என்று பண்ணையாளரோடு வாதாட முடியாது.)

ஒழுங்கு என்பது வேறு கதை. பால் வண்டி மகிழடித்தீவு, முனைக்காடு, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை என்று எந்த ஒழுங்கில் நிற்கும் என்பதை ஓட்டுநர் விரலால் இழுத்து மாற்றவேண்டுமானால், ரியல்மின் ‘லிஸ்ட்’ வகை அந்த ஒழுங்கையே சேமிக்கும். ரூமில் ஒழுங்கெண் என்று ஒரு பத்தி வைத்து, இடையில் செருக இடம் இருக்கும்படி 1000, 2000, 3000 என எண் கொடுக்கலாம்.

ரூமில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ‘ரிப்ளேஸ்’. சேர்வரிலிருந்து பண்ணையாளர் பட்டியல் புதிதாக வந்ததும் ‘இன்சர்ட், மோதினால் ரிப்ளேஸ்’ என்று எழுதுவோம். எஸ்கியூலைட்டுக்கு ரிப்ளேஸ் என்றால் திருத்துவதல்ல. பழைய வரியை அழித்துவிட்டுப் புதிய வரியைப் போடுவது. பால் பதிவு அட்டவணை பண்ணையாளரோடு அந்நியச் சாவியால் (இன்னோர் அட்டவணையின் வரியைச் சுட்டும் பத்தி) கட்டப்பட்டு, அழிந்தால் பிள்ளைகளும் அழியட்டும் என்ற ‘கஸ்கேட்’டும் இருந்தால், தொலைபேசி இலக்கம் மாறிய ஒருவரைப் புதுப்பிக்கும்போது அவருடைய பால் பதிவு முழுவதும் போய்விடும். ரூம் 2.5இல் வந்த ‘அப்சர்ட்’ (இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும்) இதற்கென்றே இருக்கிறது, அதைப் பாவிக்கவும். அட்டைப் படம் போன்றவற்றை வரிக்குள் திணிக்கவும் வேண்டாம். கேர்சர் சாளரம் (வினவலின் விடை வந்து இறங்கும் நினைவிடம்) 2 எம்பி அளவுதான், அதற்கு மேற்பட்ட வரியை வாசிக்கும்போது செயலி விழும். கோப்புப் பாதையை மட்டும் எழுதலாம்.

ரியல்மின் குழி திரெட் (செயலிக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை). ஜாவா, சுவிஃப்ட் இரண்டிலும் ஒரு திரெட்டில் எடுத்த பொருளை இன்னொன்றில் தொட்டால் செயலி விழும். ஐடியைக் கொடுத்து அங்கே மறுபடி தேடவேண்டும், அல்லது ‘ஃப்ரீஸ்’ செய்து (மாறாதபடி உறையவைத்து) கொடுக்கவேண்டும். ரியல்மின் கோட்லின் எஸ்டிகேயில் (நிரலாளருக்கான நூலகத் தொகுப்பு) வாசிக்கும் பொருட்கள் ஏற்கனவே உறைந்தவை, அந்தத் தலையிடி இல்லை. பின்னணி வேலையில் ரியல்மைத் திறந்து மூட மறந்தால் பழைய பதிப்பு பிடிபட்டு நிற்கும், கோப்பு வீங்கிக்கொண்டே போகும். பிழை வந்தாலும் ஓடும் ‘ஃபைனலி’ பகுதியில் மூடவும்.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துவதில் ரியல்ம், ரூம் இரண்டும் சறுக்கும். எஸ்கியூலைட் முன்னிருப்பாகப் பைட்டுகளை ஒப்பிடும். யுனிகோடில் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் கணேசன் முன்னாலும் கண்ணன் பின்னாலும் வருவார்கள். அகராதி வரிசை அதற்கு மறுதலை. ஜெயந்தி சிவாவுக்கும் ஞானத்துக்கும் நடுவில் போய் உட்காருவார். ரியல்மின் வரிசைப்படுத்தலோ லத்தீன் எழுத்துகளுக்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறது. நடைமுறை வழி: தமிழ் லொக்கேல் (மொழி அமைப்பு) கொடுத்த கொலேட்டரிலிருந்து (மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கருவி) வரிசைச் சாவி எடுத்து, ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) எழுத்தாக்கி, தனிப் பத்தியில் வைத்து அதன்படி அடுக்குவது. மேற்சொன்ன பெயர்களைப் போட்டுப் பரிசோதிக்கவும். அந்தச் சாவியைச் சேர்வருக்கு அனுப்பவேண்டாம். கொலேட்டருக்கு அடியில் இருக்கும் ஐசியு என்ற யுனிகோட் நூலகத்தின் பதிப்பு மாறினால் சாவியும் மாறலாம்.

தேடலில் இன்னும் நுணுக்கமான சிக்கல். ‘கொக்கட்டிச்சோலை’யில் ‘கொ’வின் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். ‘சோ’வும் அப்படியே. ஒரு விதத்தில் அந்தச் சொல் 15 குறியீடு, 45 பைட். மற்றதில் 17, 51. கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு இரண்டு ஊர். எழுதும் முன்னும் தேடும் முன்னும் நார்மலைசரில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோட் வடிவம்) ஆக்கினால் தீரும்.

கோர் டேட்டா ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டும் என்பதால் இங்கே சுருக்கமாக. ‘ஃபெட்ச்பேட்ச்சைஸ்’ 20 அல்லது 50 என்று வைத்தால் பட்டியல் துண்டு துண்டாக ஏறும், ‘ஃபெட்ச்ட் ரிசல்ட்ஸ் கன்ட்ரோலர்’ மாற்றங்களைச் சொல்லும். பெயர் வரிசைக்கு ‘லோக்கலைஸ்ட் ஸ்டாண்டர்ட் கம்பேர்’ இருக்கிறது. தொகுதியாக அழிக்கும் கட்டளை கான்டெக்ஸ்ட்டை (பொருட்களை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) தாண்டி நேரே கோப்பில் வேலை செய்யும். அழிந்த ஐடிகளைக் கான்டெக்ஸ்ட்டில் சேர்த்துவிடாவிட்டால் இல்லாத பதிவுகள் திரையில் இருந்துகொண்டே இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அன்ட்ரொய்டில் ரூமை எடுப்பதே புத்தி. ரியல்மை 2019இல் மொங்கோடிபி வாங்கியது. 2024 செப்டம்பரில் அதன் ஒத்திசைவுச் சேவையைக் கைவிடுவதாக அறிவித்து, 2025 செப்டம்பர் 30ஐ இறுதி நாளாக வைத்தது. போனுக்குள் மட்டும் இயங்கும் பகுதி திறந்த மூலமாக இருக்கிறது. ஆகவே ஏற்கனவே ரியல்மில் ஓடும் செயலியை இரவோடிரவாகக் கலைக்க வேண்டியதில்லை.

மாற்றுவதானால் இந்தப் படி. ரூமில் அட்டவணைகளை அமைத்து, ரியல்மிலிருந்து முதலில் பண்ணையாளர், பிறகு பதிவுகள் என 500 500ஆக, ஒவ்வொரு துண்டையும் ஒரு பரிவர்த்தனையில் எழுதவும். எழுதும்போதே பெயர்களை என்எஃப்சி ஆக்கவும். முடிந்ததும் இரு பக்கமும் பதிவு எண்ணிக்கையையும் மாதவாரி மில்லிலீற்றர் கூட்டையும் ஒப்பிடவும். ஒத்துப்போனால் ‘மாறியாச்சு’ என்று குறித்துக்கொண்டு, ஒரு பில் சுற்று முழுக்க ரியல்ம் கோப்பைத் தொடாமல் விடவும். காசு கொடுத்து முடிந்த பிறகு அழிக்கலாம்.